குண்டு வெடிக்காமல் எங்களைப் பற்றி ஒரு படம் எடுக்க முடியாதா?

முறிகண்டியான்:

ஈழத்தமிழரான எங்களைப் பற்றி வெளியில் உள்ளவர்கள் எடுத்த படங்களைத் திரும்பப் பார்த்துக்கொண்டு வருகிறேன். நல்ல படங்கள்தான். ஆனால் ஒரு குறை எல்லாவற்றிலும் கண்ணில் குத்துகிறது. முதலில் மனிதரைக் காட்டுவார்கள். சமைப்பார்கள், கோபிப்பார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவார்கள். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும். அந்த நேரம் பார்த்து இயக்குநருக்குப் பயம் வந்துவிடும், இது மட்டும் போதுமா, சனம் எழும்பிப் போய்விடுமா என்று. உடனே ஒரு குண்டு வெடிக்கும், இல்லாவிட்டால் ஒருவன் துவக்கைத் தூக்குவான்.

'தீபன்' படத்தை எடுங்கள். ஜாக் ஒடியார் இயக்கி, ஷோபாசக்தி நடித்து, 2015 இல் கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய படம். முன்பின் தெரியாத ஓர் ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி மூவரும், இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டில் பிரான்சுக்குப் போகிறார்கள். அங்கே குடும்பமாக நடிக்க வேண்டும். அந்தப் பெண் யாழினி ஒரு முதியவர் வீட்டில் சமைத்துக் கொடுக்கப் போகிறாள். சிறுமியைப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்குச் சேர்க்கிறார்கள் இல்லை. அங்குள்ளவர்களின் பகிடிக்குத் தனக்குச் சிரிப்பு வருவதில்லை என்று அவன் சொல்ல, தமிழில் சொன்னாலும் உங்களுக்குப் பகிடி வராது என்கிற மாதிரி அவள் சொல்லும் இடம் இருக்கிறதே, அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு பேரும் புருஷன் பெண்சாதி ஆகிவிடுகிறார்கள். தாலி இல்லை, பாட்டு இல்லை. அப்படி எழுதத் தெரிந்த ஒருவர் கடைசியில் என்ன செய்தார்? புகைக்குள்ளால் படியேறிப் போய் ஆட்களை வெட்டிச் சுட வைத்தார். இவ்வளவு நேரமும் பார்த்த மனிதன் அந்தப் படியிலேயே காணாமல் போய்விட்டான்.

'டூரிஸ்ட் ஃபேமிலி' 2025 இல் வந்தது. பொருளாதார நெருக்கடியில் தமிழ்நாட்டுக்குப் படகேறிப் போன குடும்பம். சசிகுமாரும் சிம்ரனும் அளவாக நடித்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா இறந்தபோது, தெருவில் உள்ளவர்களைக் கூட்டி அந்தச் சாவீட்டைச் செய்து முடிக்கிற பகுதி ஒன்றே போதும். எங்கள் சனம் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கலந்துகொள்வது சாவீட்டில்தான். ஆனால் கதையை நகர்த்த அங்கேயும் ஒரு குண்டுவெடிப்புத் தேவைப்பட்டது, அதன் பின்னால் பொலிஸ் தேடுதல்.

இதற்கு எதிர்ப்பக்கம் 'மெய்யழகன்', 2024. எங்களைப் பற்றிய படமே இல்லை, தஞ்சாவூர்க் கதை. சொந்தக்காரரால் வீட்டை இழந்து போன ஒருவன் பல வருடம் கழித்து ஒரு கலியாணத்துக்காக ஊருக்கு வருகிறான். ஒருவன் வந்து அத்தான், அத்தான் என்று ஒட்டிக்கொள்கிறான், இவனுக்கு அவன் பெயரே ஞாபகம் இல்லை. ஓர் இரவு முழுக்கக் கதைக்கிறார்கள். அவ்வளவுதான். வீடு விட்டுப் போன ஒருவனின் மனதை அந்தப் படம் தொட்ட அளவுக்கு, எங்கள் இடப்பெயர்வைக் காட்டுகிறோம் என்று வந்த படங்கள் தொடவில்லை. இதுதான் என் வாதம். மறுப்பவர்கள் வாருங்கள்.

ஒட்டுசுட்டான் தம்பி:

வந்துவிட்டேன் அண்ணை. 'மெய்யழகன்' நல்ல படம் என்பதில் சண்டை இல்லை. ஆனால் படம் வெளியான பிறகு அவர்களே 18 நிமிடத்தை வெட்டினார்கள். ஏன் வெட்டினார்கள்? தியேட்டரில் இருந்தவர்களுக்கு இழுத்தது. அரவிந்த்சாமி திரும்பிப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், இன்னொரு முறை பார்ப்பார். கார்த்தி இல்லாவிட்டால் அந்தப் படம் பாதியில் படுத்திருக்கும்.

படம் என்றால் ஏதாவது நடக்க வேண்டும். 2004 இல் வந்த 'கில்லி'யை 2024 இல் திரும்பத் தியேட்டரில் போட்டபோது ஏன் அவ்வளவு கூட்டம்? அதில் வீண் காட்சி குறைவு. வில்லன் வரும்போது பயமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது, பிரகாஷ்ராஜ் மாதிரி அதைச் செய்ய ஆள் இல்லை. குறை என்ன என்று கேட்டால், த்ரிஷாவுக்கு ஓடுவதையும் அழுவதையும் தவிர வேலை கொடுக்கவில்லை. அதைச் சொல்லலாம். ஆனால் காலையில் இருந்து வயலிலும் கடையிலும் நின்றுவிட்டு வருகிறவனுக்கு, இரண்டரை மணித்தியாலம் எல்லாவற்றையும் மறக்க வைக்கிற படமும் பெரிய படம்தான். எங்களைப் பற்றிய படம் என்றால் மட்டும் ஏன் எல்லாரும் பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி உட்காருகிறோம்?

வட்டக்கச்சி:

முறிகண்டி அண்ணை, நான் உங்களுக்கு நேர் எதிர். குண்டு இல்லாமல் எங்களைப் பற்றி எடுத்தால் அது பொய்ப் படம்.

தஞ்சாவூர்க்காரருக்கு ஓர் இரவு முழுக்கக் கதைக்க நேரம் இருந்தது. இங்கே பள்ளிக்கூடம் போனதும் பதுங்கப் பங்கர்க் குழி வெட்டியதும் ஒரே நாளில் நடந்த வேலைகள். 2009 இல் மண் மூட்டைக்குச் சாக்குக் கிடைக்காமல் பெண்கள் சேலையைக் கிழித்துப் பை தைத்தார்கள். நல்ல சேலை, கூறைச் சேலை எல்லாம் போனது. எது முதலில், எது கடைசியில் என்று ஒரு வரிசை இருந்தது, அம்மாமார் அந்த வரிசையை மனதுக்குள் வைத்திருந்தார்கள். இதைக் குண்டு இல்லாமல் எப்படி எடுப்பீர்கள்? ஊசியும் நூலும் கையுமாக இருக்கிற பெண்ணைக் காட்டும்போது மேலே கிபிர் விமானச் சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அவள் ஏன் கூறையைக் கிழிக்கிறாள் என்று பார்க்கிறவனுக்கு விளங்காது.

என் குறை வேறு. குண்டு வருவதில் பிழை இல்லை, அது யாருடைய கண்ணால் வருகிறது என்பதில்தான் பிழை. எல்லாப் படத்திலும் குண்டு கதாநாயகனுக்காக வெடிக்கிறது. அவன் கோபப்பட, அவன் ஓட, அவன் காப்பாற்ற. கீழே இருந்தவளுக்காக ஒன்றும் வெடிப்பதில்லை.

'தீபன்' பற்றிச் சொன்னீர்கள். நீங்கள் விட்டுவிட்ட இடம் ஒன்று இருக்கிறது. அந்த மாடிக்கட்டடங்களுக்கு நடுவில் அவன் நிலத்தில் வெள்ளையாக ஒரு கோடு போடுகிறான், இதற்கு இங்கால் சுடக்கூடாது என்று. பரிஸில் உள்ளவர்களுக்கு அது விசரன் வேலை. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த கோட்டுக்குள் போய் இருந்தவர்கள் நாங்கள். அந்தக் கோடு என்ன பெறுமதி என்று தெரிந்தவன் திரும்பவும் ஒரு கோடு போடுகிறான் என்றால், அவனிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லை என்றுதானே அர்த்தம். அதற்குப் பிறகு அவன் படியேறிப் போனது எனக்குப் பிழையாகப் படவில்லை. கோடு வேலை செய்யாது என்று அவனுக்குத் தெரியும்.

முறிகண்டியான்:

தங்கச்சி, கோட்டுக் காட்சியை நீங்கள் சொன்ன விதத்துக்கு நன்றி. படத்தின் உச்சம் அதுதான் என்பேன். அதனால்தான் கடைசிச் சண்டை இன்னும் மோசமாகப் படுகிறது. கோடு வேலை செய்யாதபோது உண்மையில் என்ன நடந்தது? எங்களில் எத்தனை பேர் துவக்கோடு படியேறினோம்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்தோம். அந்த நடையை எடுக்க ஒடியாருக்குத் துணிவு வரவில்லை. படத்தை முடிக்க வேறு வழி இல்லாமல் ஓர் அமெரிக்கப் படத்தின் முடிவைக் கொண்டுவந்து ஒட்டினார். சண்டை முடிந்தவுடன் இங்கிலாந்தில் வெயில், புல், கைக்குழந்தை. யாருக்குக் கிடைத்தது அந்த வெயில்?

ஒட்டுசுட்டான் தம்பி, பரீட்சைத் தாள் என்றீர்கள். ஓம், எங்களைப் பற்றிய படத்தை நான் கடுமையாகத்தான் திருத்துவேன். 'கில்லி'யில் வேலுவுக்கு என்ன நடந்தாலும் மதுரைக்காரருக்கு நட்டம் இல்லை. எங்களைப் பற்றி ஒரு படம் வந்தால் உலகம் அதை வைத்துத்தான் எங்களை அறிந்துகொள்கிறது.

குளக்கட்டு:

பிள்ளைகளே, நான் வயதில் மூத்தவன், படத்தை ஆறுதலாகப் பார்க்கிறவன். இதில் ஒருவரும் நிலத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.

'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002 பெப்ரவரி 14 இல் வெளிவந்தது. எட்டு நாளில், 22 ஆம் திகதி, போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. சமாதான காலத்தில் அந்தப் படத்தை இங்கே ஜெனரேற்றர் போட்டு, முற்றத்தில் ரீவி வைத்துப் பார்த்தவர்கள் கனபேர். கதையில் தத்துப்பிள்ளையைப் பெற்ற தாய் மாங்குளத்துப் பெண். சரி, அந்த மாங்குளம் எங்கே? பச்சைப் பசேல் என்று ஒரு ஊர் வருகிறது. எங்கள் மாங்குளம் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற வரண்ட காடு, செம்மண் புழுதி, இடையில் குளம். ஐப்பசி கார்த்திகை மழையைத் தவிர மற்ற மாதமெல்லாம் காய்கிற பூமி.

அதிலே ஊரை விட்டுச் சனம் போகிற பாட்டு, 'விடை கொடு எங்கள் நாடே'. பாட்டு நெஞ்சைப் பிழியும். ஆனால் ஆட்கள் மூட்டையோடு நடந்து போகிறார்கள். வன்னிச் சனம் அப்படிப் போகவில்லை. கூரைத் தகரத்தைக் கழற்றி, ஓட்டை இறக்கி, கதவு நிலையைப் பெயர்த்து, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, அதற்கு மேலே கோழிக்கூட்டைக் கட்டிக்கொண்டு போனோம். அடுத்த ஊரில் அந்தத் தகரத்தைப் போட்டுக் கொட்டில் அடித்தோம். அங்கிருந்தும் கழற்றினோம். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் விட்டுவிட்டு, கடைசியில் தறப்பாள் மட்டும். வீடு சின்னதாகிக்கொண்டே போனதை எந்தப் படத்திலும் நான் காணவில்லை. அதை எடுத்தால் வசனமே தேவையில்லை.

அந்தப் படத்தின் பலம் எது என்று கேட்டால், கீர்த்தனா என்கிற அந்தப் பிள்ளை. தேசிய விருது கொடுத்தது சரிதான். தத்துப்பிள்ளை என்று தெரிந்த பிறகு அது காட்டுகிற முரண்டு, சிம்ரனின் முகம், மாதவனின் தடுமாற்றம், எல்லாம் சென்னை வீட்டுக்குள் நடக்கிற சங்கதிகள். மணிரத்னம் தனக்குத் தெரிந்த வீட்டை நன்றாக எடுத்தார். எங்கள் வீட்டுக்கு வந்தவுடன் அழகாக மட்டும் எடுத்தார்.

எனக்குப் பிடித்த படம் 'கடைசி விவசாயி'. ஒரு கிழவன் தன் வயலில் செத்துக் கிடந்த மயில்களைப் புதைக்கிறான், கொன்றான் என்று வழக்குப் போடுகிறார்கள். உள்ளே இருக்கிறவனுக்குத் தன் பயிர்தான் கவலை. நீதவான் ஒரு பொலிஸ்காரனை அனுப்பித் தண்ணீர் விடச் சொல்கிறார். மயில் வயலுக்குள் இறங்கினால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அடித்து விரட்டவும் முடியாது, முருகன்ர வாகனம் என்று கும்பிடுகிறதும் நாங்கள்தான். நல்லாண்டி ஐயா படம் வெளிவர முதலே காலமாகிவிட்டார். நடிப்பு என்று ஒன்று அந்த முகத்தில் இல்லை. விஜய் சேதுபதி பைகளைக் கட்டிக்கொண்டு அலைகிற பகுதி மட்டும் எனக்கு ஒட்டவில்லை. வயலில் நின்ற படத்தை அது மலைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

ஒட்டுசுட்டான் தம்பி:

ஐயா, அந்த விஜய் சேதுபதி பகுதிதான் எனக்கு அந்தப் படத்தில் பிடித்ததே. ஒரு பெண்ணை இழந்தவன் அவளும் கூட இருக்கிறாள் என்று நினைத்து இரண்டு பேருக்கும் சாப்பாடு கேட்கிறான். இங்கே அப்படி ஆட்கள் இல்லையா? எங்கள் சந்தியிலேயே இருக்கிறார்கள்.

அப்புறம் மொழி. 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் முயற்சி செய்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டுப் படங்களில் ஈழத்தமிழ் என்றால் எல்லா வசனத்தையும் ஒரே இராகத்தில் இழுப்பது என்று முடிவு கட்டிவிட்டார்கள். 2000 இல் 'தெனாலி'யில் கமல் பேசினார், அவர் திறமைசாலி, தாக்குப்பிடித்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எங்களைக் கேட்டுப் படிக்காமல் கமலைக் கேட்டுப் படிக்கிறார்களோ என்று தோன்றும். கோபம் வந்தால் நாங்கள் எவ்வளவு வேகமாகக் கதைப்போம்! அந்த வேகம் ஒரு படத்திலும் வருவதில்லை.

ஓமந்தைக்கு அங்கால்:

மொழி, நிலம், குண்டு என்று எல்லாம் தமிழ்நாட்டையும் பிரான்சையும் வைத்தே கதைக்கிறீர்கள். இந்த நாட்டிலே எடுத்த படங்களை ஏன் ஒருவரும் தொடவில்லை?

அசோக ஹந்தகமவின் 'இனி அவன்', 2012. சிங்கள இயக்குநர் தமிழில் எடுத்த படம். முன்னாள் போராளி ஒருவன் யாழ்ப்பாணத்தில் ஊருக்குத் திரும்பி வருகிறான். ஊர் அவனை முறைத்துப் பார்க்கிறது. உங்களை நம்பித்தானே பிள்ளையை அனுப்பினோம் என்கிற பார்வை. 2022 இல் காலமான தர்ஷன் தர்மராஜ் அதில் அதிகம் பேசவே மாட்டார், தோளால் நடிப்பார். வேலை கேட்டுப் போகிற இடத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிற நிலை, நான் நேரில் கண்ட நிலை. முதல் பாதி அவ்வளவு உண்மை. பிறகு கடத்தல் கும்பல் என்று கதை மாறுகிறது. முறிகண்டியான் சொன்ன வருத்தம் அங்கேயும் இருக்கிறது.

ஆனால் பிரசன்ன விதானகேயின் சிங்களப் படம் 'புரஹந்த களுவர', 1997, அதைப் பாருங்கள். குண்டே இல்லை. வறண்ட கிராமம், கண் தெரியாத கிழவன். ஆமியில் இருந்த மகன் செத்துவிட்டான் என்று முத்திரை வைத்த பெட்டி வருகிறது, திறக்கக் கூடாது. எல்லாரும் அழுகிறார்கள், கிழவன் அழ மாட்டான். நட்டஈட்டுக்குக் கையெழுத்து வைத்தால் குடும்பத்துக்குக் காசு வரும், அவன் வைக்க மாட்டான். கடைசியில் மண்வெட்டியோடு போய்ப் பெட்டியைத் தோண்டி எடுக்கிறான். உள்ளே வாழைக்குற்றியும் கல்லும். 2000 இல் அரசாங்கம் படத்தைத் தடுத்தது, அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் திரையிடலாம் என்றது. ஒரு வெடிச் சத்தமும் இல்லாமல் ஒரு போரையே காட்டிய படம் இது. முறிகண்டியானின் வாதத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

முறிகண்டியான்:

படம் பெரிய படம்தான். என் வாதத்துக்குப் பலமும்தான். ஆனால் அது ஒரு சிப்பாயின் தகப்பனுடைய கதை. அவருக்கு ஒரு பெட்டியாவது வந்தது.

வட்டக்கச்சி:

அண்ணை, இந்த இடத்தில் நான் அந்தப் படத்தின் பக்கம்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் வாசலில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மரணச் சான்றிதழ் தருகிறோம், நட்டஈடு தருகிறோம் என்றது அரசாங்கம். அவர்கள் வேண்டாம் என்றார்கள். ஏன் வேண்டாம் என்கிறார்கள், எடுத்துக்கொண்டால் கஷ்டம் தீருமே என்று எங்கள் சனமே கேட்டது. அந்தக் கிழவனிடம் அவனுடைய மகள்மார் கேட்கவில்லையா? கையெழுத்து வைத்தால் பிள்ளை செத்தது அந்தக் கையாலேயே உறுதியாகிவிடும். அதை வசனமாகச் சொல்லாமல் ஒரு கிழவன் பேனையைத் தொடாமல் இருப்பதில் காட்டிவிட்டார் அந்த இயக்குநர். அவன் சிங்களக் கிழவன் என்பது எனக்கு ஒரு நிமிடம்கூடத் தடையாக இருக்கவில்லை. பெட்டி வந்தது என்கிறீர்கள். பெட்டிக்குள் என்ன வந்தது?

ஆனால் ஒன்று, அந்தப் படத்தை வைத்து உங்கள் வாதத்தை வெல்ல விடமாட்டேன். அந்தக் கிராமத்தில் குண்டு விழவில்லை, அதனால் படத்திலும் விழவில்லை. குண்டு விழுந்த ஊரை அதே நேர்மையோடு எடுத்தால் சத்தம் இருக்கத்தான் செய்யும்.

குளக்கட்டு:

பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. சத்தத்தை எடுத்துவிட்டால் தகரம் கழற்றினதற்கும் காரணம் தெரியாமல் போகும்.

ஒட்டுசுட்டான் தம்பி:

அக்கா சொல்கிற சேலைப் படத்தை யாராவது எடுத்தால் முதல் நாளே போய்ப் பார்ப்பேன். ஆனால் அதிலும் சிரிப்பு வேண்டும். பங்கருக்குள் இருந்து 304 என்கிற சீட்டாட்டம் விளையாடியதாக அம்மா சொல்வா. துரும்பை ஒளித்தார் என்று பெரியப்பாவோடு சண்டை பிடித்தாவாம், வெளியே ஷெல் விழ விழ. இதைப் படத்தில் போட்டால் வெளியில் உள்ளவன் நம்ப மாட்டான். ஆனால் நடந்தது.

வட்டக்கச்சி:

ஓம் தம்பி, நாங்களும் விளையாடினோம். சீட்டுக்கட்டில் இரண்டு சீட்டுத் தொலைந்துபோய், கொப்பி மட்டையில் வெட்டிச் செய்து வைத்திருந்தோம். பின்பக்கம் பார்த்தாலே எது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் தெரியாத மாதிரித்தான் இறக்க வேண்டும் என்பது சட்டம். முறிகண்டி அண்ணை, குண்டும் இருக்கட்டும், இந்தச் சீட்டும் இருக்கட்டும். இரண்டும் ஒரே காட்சியில். அதைத்தான் கேட்கிறேன்.

முறிகண்டியான்:

நானும் பார்க்க ஆசைப்படுகிற காட்சிதான். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. இரண்டையும் எடுத்து முடித்து, படம் நீளமாகிவிட்டது, பத்து நிமிடம் வெட்ட வேண்டும் என்று தயாரிப்பாளர் சொன்னால் எதை வெட்டுவார்கள்? இதுவரை வந்த படங்களைப் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், கொப்பி மட்டைச் சீட்டைத்தான் வெட்டுவார்கள். குண்டை முதலில் வெளியே வை என்று நான் நிற்பது அதனால்தான்.